உத்திரத்துக்குக் கீழே

மன்னூபியாவின் சமையலறைக்குள் போனவர் திரும்பி நிற்க வேண்டுமென்றால் முதலில் வெளியே வந்தாக வேண்டும். ஃபிரிட்ஜைத் திறந்தால் வாசல் கதவு மூடாது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் துனிஸில் எங்கள் சந்துக்கு வந்து பார்க்கலாம். எதிர் வீட்டில்தான் இருக்கிறேன், காப்பி தருகிறேன்.

ஒரு காலத்தில் அது விசாலமான சமையலறைதான். அப்பா இறந்தபின் வீட்டைப் பங்கு போட்டார்கள். தம்பி ஷேத்லிக்கு இரண்டு பங்கு, அக்கா மன்னூபியாவுக்கு ஒரு பங்கு. அளந்த கோடு நேராக வந்து சமையலறையின் நடுவில் விழுந்தது. புத்தியுள்ளவன் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருப்பான். ஷேத்லி சுவரை எழுப்பினான். அடுப்பும் புகைபோக்கியும் அவன் பக்கம் போயின. பாத்திரம் தேய்க்கும் தொட்டி அவள் பக்கம் வந்தது. கூரையைத் தாங்கிய பழைய மர உத்திரம் மட்டும் ஒன்றுதான். அதை அறுக்க முடியாததால் சுவருக்கு மேலே இரண்டு பக்கமும் ஓட விட்டார்கள்.

அந்த ஷேத்லியை வளர்த்தவளே இவள்தான். அம்மா போனபோது அவனுக்குச் சரியாகப் பேச்சு வரவில்லை. இவள் பள்ளிக்கூடத்தை விட்டாள், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஈரத் தரையில் நின்று ஆயுசைக் கழித்தாள். பெண் கேட்டு வந்தவர்களிடம் "தம்பி படிப்பு முடியட்டும்" என்றாள். தம்பி படித்துக் கிழித்து வேன் ஓட்டப் போனான். சுவர் எழுந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. சந்தில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள். இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டி உதைக்கலாம் போல எனக்கு வரும்.

இடமில்லாததால் கேஸ் அடுப்பைத் தரையில் வைத்து, தானும் தரையில் உட்கார்ந்தே இத்தனை வருஷம் சமைத்தாள். சலவைக்கூடம் முட்டியை வாங்கிவிட்டது, அடுப்பு மிச்சத்தையும் வாங்கியது. முதலில் கதவு நிலையைப் பிடித்து எழுந்தாள். பிறகு "கமரா!" என்று என்னைக் கூப்பிடுவாள், நான் போய்த் தூக்கிவிடுவேன். கடைசியில் நான் ஒருத்தி இழுத்தும் போதவில்லை, என் மகனும் வர வேண்டியிருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு முடிவுக்கு வந்தாள். பழைய தொட்டியைப் பெயர்த்துவிட்டுச் சுவரோரம் ஒரு மேடை, மேடை மேல் அடுப்பு, அதற்குப் பின்னால் வெள்ளை டைல்ஸ்.

"நின்னுக்கிட்டு சமைக்கணும் கமரா. வேற எதுவும் வேணாம் எனக்கு."

ஹம்தா கொத்தனார் வந்தார். தொட்டியைப் பெயர்த்தார், கூரைப் பூச்சைக் கொத்தினார், பிறகு திடீரென்று சத்தம் நின்றது. நான் போய்ப் பார்த்தபோது ஏணி மேல் நின்று, உத்திரம் சுவரைக் கடக்கிற இடத்தில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகிக்கொண்டிருந்தார். கம்பி அந்தப் பக்கமாகச் சத்தமே இல்லாமல் உள்ளே போனது.

"மரமா இது? பழைய ரொட்டி மாதிரி உதிருதே," என்றார். "மேல உங்க தம்பி தண்ணி டேங்க் வெச்சிருக்காருல்ல? அது ஒழுகி ஒழுகி இவ்வளவு தூரம் வந்திருக்கு."

"விழுந்துருமா?" என்றாள் மன்னூபியா.

"உங்க பக்கம் முட்டு குடுத்துட்டேன், உங்களுக்கு ஒன்னும் ஆகாது. அந்தப் பக்கம்தான். இன்னைக்கோ நாளைக்கோ, யார் கண்டா? வந்தா அடுப்புக்கு நேர் மேலதான் வரும்."

"மாத்திரலாமே."

"மாத்தணும்னா ரெண்டு பக்கமும் பிரிக்கணும், அவங்க விடணும்." கொத்தனார் குரலைத் தாழ்த்தினார். "இல்லேன்னா உத்திரத்த சுவர ஒட்டி அறுத்துட்டு, உங்க பக்கத்துக்கு மட்டும் இரும்பு போட்டுத் தரேன். இந்த வாரத்துலயே நின்னுக்கிட்டு சமைக்கலாம்."

"அறுத்தா அந்தப் பக்கம்?"

அவர் கம்பியைத் துடைத்தார். "அறுத்தா அன்னைக்கே இறங்கிரும்."

மன்னூபியா சுவரைப் பார்த்தபடி நின்றாள். நாளை மறுநாள் மீலாது. நாளைக்கு எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் ஸ்கூகூ காய்ச்சுவார்கள். பைன் மர விதையை அரைத்துப் பாலெடுத்துக் காய்ச்சும் கறுப்புக் களி அது. மதியமெல்லாம் அடுப்பை விட்டு நகராமல் கிண்ட வேண்டும். ஷேத்லியின் மனைவி வசீலா அந்த உத்திரத்துக்கு நேர் கீழே நிற்பாள். கரண்டியை நக்குவதற்குப் பிள்ளைகள் சுற்றி நிற்கும்.

"நீ போய்ச் சொல்லு கமரா," என்றாள் என்னிடம்.

போனேன். ஷேத்லி வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான்.

"தூது விட்டாச்சா? அவ சமையலறை பத்தல, அதனால இப்ப என் உத்திரம் உளுத்துப் போச்சு! கதவத் திறந்து விட்டா கொத்தனார் சுவர இடிப்பான். திரும்பக் கட்டும்போது ரெண்டு முழம் இந்தப் பக்கம் வந்திருக்கும். எனக்குத் தெரியாதா கமராக்கா அந்தப் பொம்பளய?"

"ஒரு தடவ ஏறித்தான் பாரேன், என்ன கொறஞ்சு போகும்?"

"அவ சொல்லி நான் ஏறணுமா?"

உள்ளேயிருந்து வசீலா குரல் கொடுத்தாள். "மீலாதும் அதுவுமா அடுப்ப அணைக்கச் சொல்றாங்க பாரு, நல்ல நாள் பாத்தாங்க!"

ஹம்தா கொத்தனாரையும் அனுப்பினோம். கூலி வாங்குகிறவன் வேறென்ன சொல்வான் என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை மன்னூபியா இடிந்த சமையலறையில் நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் வசீலா பித்தளை உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இடிக்கும் உத்திரத்திலிருந்து தூசு இறங்கி மன்னூபியாவின் தோளில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் உரல் நின்று, அண்டா உருளும் சத்தமும் பிள்ளைகள் அண்டாவுக்குச் சண்டை போடும் சத்தமும் கேட்டன.

அவள் முக்காட்டை இறுக்கிக்கொண்டாள். என் வீட்டுக்கு வந்து, அங்கே அரைத்து வைத்திருந்த அவளுடைய ஸ்கூகூப் பால் பானையை எடுத்தாள். "வா," என்றாள்.

அன்றைக்கு ஸ்கூகூப் பானையோடு வருகிறவளை யாரும் வாசலில் நிறுத்த மாட்டார்கள். எவ்வளவு பகை இருந்தாலும் சரி, நிறுத்தினால் சந்து முழுக்க நாறிவிடும்.

"வசீலா, என் சமையலறை இடிஞ்சு கெடக்கு. இன்னைக்கு எனக்கு அடுப்பு இல்ல," என்றாள்.

வசீலா என்னைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், வழிவிட்டாள்.

மன்னூபியா உள்ளே போய்ப் பானையை அவள் கையில் கொடுத்தாள். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். பூச்சில் மஞ்சளாய் ஊறியிருந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு நேர் கீழே, அடுப்புக்கு முன்னால், சுவரைப் பிடித்துப் பிடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"புள்ளைங்கள வெளிய அனுப்பு. நீயும் போ."

"என்ன மதினி இது?"

"விழுந்தா என் மேல விழட்டும். நான் இருக்கற வரைக்கும் இங்க யாரும் அடுப்புகிட்ட வரக்கூடாது. போய் உன் புருஷன கூப்பிடு."

வசீலா பயந்தாளோ, கோபத்தில் போனாளோ, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். ஷேத்லி வந்தான். அவளைப் பார்க்காமல் என்னிடம் கத்தினான்.

"அந்தப் பொம்பளய எழுந்து போகச் சொல்லு கமராக்கா!"

"வாய் இருக்குல்ல, நீயே சொல்லு," என்றேன்.

மன்னூபியா கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஏறிப் பாருடா. உத்திரம் நல்லா இருந்தா என் பாதிச் சமையலறையையும் நீயே எடுத்துக்கோ. சாவிய இன்னைக்கே தரேன்."

அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். இறைச்சி வாட்டுகிற கம்பியை ஆணியிலிருந்து உருவினான், நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான். என் உத்திரத்தைப் பார் என்று காட்டுகிற வேகத்தில் ஓங்கிக் குத்தினான்.

கம்பி கைப்பிடி வரை உள்ளே போனது.

பழுப்பு நிறத் தூள் மன்னூபியாவின் முக்காட்டில் கொட்டியது, அதன் பின்னால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பிறகு மேலே எங்கோ மரம் முனகியது. ஷேத்லி கம்பியை அப்படியே விட்டுவிட்டான். நாற்காலியிலிருந்து இறங்கி அவளை நேராகப் பார்த்தான்.

"அக்கா," என்றான். "அக்கா, எழுந்திரு."

அவள் தரையில் கையை ஊன்றினாள். எழ முடியவில்லை. மறுபடி ஊன்றினாள்.

"முடியலடா," என்றாள். "முட்டி பிடிச்சுக்கிச்சு. நீ போ, புள்ளைங்க வெளிய நிக்குது. போடா!"

அவன் போகவில்லை. குனிந்து இரண்டு கையாலும் அவளை வாரி எடுத்தான். மன்னூபியா லேசான ஆளில்லை. தொண்டை நரம்பு புடைக்க, கதவில் அவள் கால் இடிக்காமல் பக்கவாட்டில் திரும்பி, முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் ஓடிப்போய் வெளியே இருந்த அவர்கள் கேஸ் சிலிண்டரை அடைத்தேன். வெளியே வந்த பிறகும் அவன் அவளைக் கீழே இறக்கவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாதவன் மாதிரி நின்றான், நின்றுகொண்டே அழுதான். நானும் அழுதேன், அதில் எனக்கென்ன வெட்கம்.

டேங்கைக் காலி செய்து, அந்தப் பக்கமும் ஹம்தா முட்டு கொடுத்தார். மீலாது கழிந்து அவர் உத்திரத்தை இறக்கியபோது அது இரண்டு துண்டாகக் கையோடு வந்தது. அன்றைக்கு இரண்டு வீட்டு ஸ்கூகூவையும் என் அடுப்பில் ஒரே அண்டாவில் ஊற்றிக் கிண்டினோம். அடி பிடித்துவிட்டது. ஆனாலும் சந்தில் ஒருவரும் கிண்ணத்தில் மிச்சம் வைக்கவில்லை.

புது உத்திரம் ஏறியதும், அதற்காக இடித்த சுவரைத் திரும்பக் கட்டாமல் விட்டுவிடலாமா என்று கேட்டவன் ஷேத்லிதான். "கட்டச் சொல்லு. உன் பொண்டாட்டி உப்பு அள்ளிப் போடறவ, எனக்கு ஆகாது," என்றாள் மன்னூபியா. பழைய இடத்திலேயே கட்டினார்கள். அவன் அளவுநாடா எடுக்கவில்லை, டைல்ஸ் பெட்டி சுமந்தான்.

இப்போது அவள் நின்றுகொண்டு சமைக்கிறாள். மேடை அவள் இடுப்புக்குச் சரியாக இருக்கிறது. போன வாரம் மிளகாய் வதக்கிக்கொண்டிருந்தபோது, பல நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு வசீலாவோட ஸ்டூல் பக்கத்துலயே கெடந்துச்சே. முட்டிய வெச்சுக்கிட்டு ஏன் தரையில போய் உக்காந்த?"

அவள் அடுப்பைத் தணித்தாள்.

"ஸ்டூல்ல உக்காந்தா நானே எழுந்திருச்சுருவேனே கமரா. மரம் சத்தம் போட்டா பயந்து ஓடிருவேன்னு தோணுச்சு," என்றாள். "நான் ஓடிட்டா அவன் எப்படி நம்புவான்?"