மைனஸ் நாற்பது டிகிரி ஆயில்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் திருச்சுழி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். வீடு அருப்புக்கோட்டையில். தினமும் போய்வரப் புதிதாக ஒரு பைக் வாங்கியிருந்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு உராய்வுப் பாடம் நடத்துகிறவன் என்பதால், அந்த விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று உறுதியாக நம்பினேன்.

ஒரு சித்திரை மாத ஞாயிறு, நானும் மனைவியும் ஆராதனை முடிந்து வந்துகொண்டிருந்தோம். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் சாமியானா போட்டிருந்தது. அந்த வெயிலிலும் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் சிந்தெடிக் ஆயில் விற்றுக்கொண்டிருந்தார். டப்பாவில் பனிமலை ஏறும் கார் படம். மைனஸ் நாற்பது டிகிரி குளிரிலும் எஞ்சின் உடனே கிளம்புமாம். அருப்புக்கோட்டையில் அந்தக் குளிர் எந்த மாதம் வரும் என்று நான் கேட்கவில்லை. பனியைப் படத்தில் பார்ப்பதே சுகமாக இருந்தது.

மேசைமேல் ஒரு மிஷின். அதில் ஓர் இரும்புச் சக்கரம் சுற்றும். அதன்மேல் ஓர் இரும்புத் துண்டை நெம்புகோலில் எடை மாட்டி அழுத்துவார்கள். சாதா ஆயில் விட்டபோது இரண்டாவது எடைக்கே கிரீச்சென்று கத்தி நின்றது. அவருடைய ஆயிலில் ஐந்து எடை மாட்டியும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“இது பைக்குக்கும் ஆகுமா?” என்று கேட்டேன்.

“எஞ்சின்னா எல்லாம் எஞ்சின்தான் சார். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

“சயின்ஸ் டீச்சர்.”

“அப்ப உங்களுக்கு நான் சொல்லவே தேவையில்ல.”

சொல்லத் தேவையில்லாத ஆளுக்குக் கேட்கவும் தேவையில்லை அல்லவா. சாதா ஆயிலைப் போல நாலு மடங்கு விலை கொடுத்து வாங்கினேன்.

“படத்துல காருல்ல இருக்கு” என்றாள் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருந்துப் புட்டி என்றால் பின்பக்கம் படிக்காமல் தொடமாட்டாள். நான் அவளுக்கு மூலக்கூறுகளைப் பற்றி விளக்கம் கொடுத்தேன். பாவம், கடைசிவரை கேட்டாள்.

புது ஆயில் விட்ட முதல் இரண்டு நாளும் வண்டி வெண்ணெய்மேல் போவதுபோல இருந்தது. அத்தனை காசு கொடுத்த பிறகு வேறு எப்படி இருக்க முடியும்? ஆசிரியர் அறையில் நானே சம்பளம் இல்லாத விற்பனையாளர் ஆனேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை, மனைவியைப் பின்னால் உட்காரவைத்து எம்.ரெட்டியபட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டேன். பாதி வழியில் எதிர்காற்று. ஆக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் அலறியது. வண்டி மட்டும் நகர யோசித்தது. பருத்தி மூட்டை கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்து, “ஏறணுமா?” என்று கேட்டார். மனைவி அவருக்கு மரியாதையாக நன்றி சொன்னாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்த எம்.ரெட்டியபட்டி முகப்பிலேயே ஒரு மெக்கானிக் பட்டறை. என் வயதுக்காரர்தான். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“கிளட்ச்சு வழுக்குது சார். என்ன ஆயிலு ஊத்துனீக?”

ஆயில் பெயரையும், ஞாயிறுதோறும் கடை வாசலில் நடக்கும் மிஷின் சோதனையையும் பெருமை பாதி, பயம் பாதியாகச் சொன்னேன்.

“காருல கிளட்ச்சு தனியா இருக்கும். ஒங்க வண்டியில எஞ்சின் ஆயிலுக்குள்ளயே முங்கிக் கெடக்கும். கார் ஆயில்ல வழுக்குறதுக்குன்னே மருந்து சேத்திருப்பான். அப்புறம் கிளட்ச்சு பிளேட்டு எப்பிடி ஒண்ணையொண்ணு பிடிக்கும்?”

பக்கவாட்டு மூடியைத் திறந்து, வண்டியோடு வந்த கையேட்டை எடுத்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. எந்த ஆயில், என்ன கிரேடு என்று ஒரு முழுப் பக்கம் இருந்தது. என் டப்பாவின் பின்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில், கார்களுக்கு மட்டும் என்றும் இருந்ததை வீட்டுக்கு வந்து மனைவிதான் வாசித்துக் காட்டினாள்.

“சிந்தெடிக்கு கெட்டதில்ல சார். பைக்குக்குன்னு கிரேடு போட்டு வாரதும் இருக்கு. ஆனா அந்த மிஷினு மேல எனக்கு ஒரு சந்தேகம். நாயித்துக்கிழம அந்தக் கடைக்கு நானும் வாரேன்” என்றார் மெக்கானிக்.

வந்தார். பெட்டிக்கடையில் தொங்கிய ஷாம்பு பாக்கெட் ஒன்றைக் கிழித்துவந்து, “இத விட்டுப் பாக்கலாமா?” என்று பணிவாகக் கேட்டார். விற்பனையாளர் மறுத்தார். கூட்டம் விடவில்லை. ஷாம்பு விட்டதும் ஐந்து எடையும் ஏறின. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் ஆறாவதாகத் தன் ஸ்பேனரையும் தொங்கவிட்டார். அப்போதும் நிற்கவில்லை.

“அப்ப எஞ்சின்ல ஷாம்பே ஊத்திரலாமா சார்?”

“எஞ்சின் சூட்டுல ஷாம்பு தாங்காது சார். அது வேற, இது வேற.”

“அதத்தான் நானும் சொல்லுதேன். மிஷினு வேற, எஞ்சினு வேற.”

கூட்டம் சிரித்தது. அறிவியல் வாத்தியாரான நானும் சிரித்தேன், சத்தம் வராமல். அப்போதும் இரண்டு பேர் ஆயில் வாங்கினார்கள். ஒருவர், அது எந்தக் கம்பெனி ஷாம்பு என்று விசாரித்துக்கொண்டு போனார்.

கூட்டம் கலைந்ததும் விற்பனையாளரிடம் போய் டப்பாவைக் காட்டிச் சண்டை பிடிக்க நினைத்தேன். அவர் டையைத் தளர்த்திக்கொண்டு சர்பத் குடித்துக்கொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது.

“நீங்க என்ன வண்டி வச்சிருக்கீங்க?” என்றுதான் வாயில் வந்தது.

“வண்டி ஏது சார். மதுரைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?”

நேரத்தைச் சொன்னேன். அவர் மிஷினைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தார். கனமாக இருந்தது. ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன்.