கீழ்த்தளக் கணினியின் பெயர்

முதலில் எரிந்தது ஒரு பச்சை விளக்கு. கடுகைவிடச் சற்றே பெரியது. எங்கள் தாராவி வீட்டின் கீழ்த்தளத்துப் பட்டறையில், எம்பிராய்டரி இயந்திரத்துக்கும் நூல் அலமாரிக்கும் நடுவே நெருக்கி வைத்திருந்த பழைய கணினியின் முதுகுப்புறத்தில், ஒயர் செருகும் துவாரத்தின் ஓரமாக அது இருந்தது. அப்படியொரு விளக்கு அங்கே இருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. மதினி மேசைக்கும் சுவருக்கும் இடையில் தலையை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, துடிக்குட்டி இது!" என்றார். ஒயரின் மறுமுனை, இரும்பு ஏணி ஏறும் சதுரத் திறப்பு வழியாக மாடிக்குப் போய், அங்கிருந்த இன்னொரு பழைய கணினியில் செருகப்பட்டிருந்தது. மேலே ஒன்று உயிரோடிருக்கிறது என்பது கீழே இருப்பதற்குத் தெரிந்துவிட்டது. எத்தனையோ வாசித்திருக்கிறேன், ஆனால் ஒன்றை இன்னொன்று அறிந்துகொள்ளும் கணத்தைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

மதினி என் அண்ணனின் மனைவி. தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். ஊரில் கணினி வகுப்புக்குப் போயிருந்தார் என்பதால், துணியில் தைக்க வேண்டிய டிசைன்களைக் கணினியில் வரையும் வேலை அவரிடம் வந்து சேர்ந்தது. பார்ப்பவர்களுக்கு அது பூ வரைவதுபோலத் தோன்றும். உண்மையில் ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தத் திசையில் ஓட வேண்டும், எங்கே நின்று நூலை அறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு தையலையும் முன்கூட்டியே முடிவு செய்கிற வேலை. ஜாக்கெட் கைகளுக்கும் புடவைக் கரைகளுக்கும் வழக்கமான மயிலும் மாங்காயும் வரைந்து கொடுத்தபின், மிஞ்சிய பொழுதில் தனக்கென்று வேறு சில வரைவார். மாஹிம் ஓடைக்கரையின் அலையாத்தி வேர்கள், ரயில் பெட்டி ஜன்னலின் கம்பிகள், முதல் மழையில் தகரக் கூரை ஓரத்தில் வரிசையாகத் திரளும் துளிகள். வரைந்தவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. எல்லாம் பட்டறையின் டிசைன், அவ்வளவுதான்.

உல்லாஸ்நகர் வியாபாரி ஒருவர்தான் முதன்முதலில் கேட்டார். துப்பட்டா ஒன்றின் ஓரத்தில் அந்த வேர்களைப் பார்த்துவிட்டு, இதை வரைந்தவரின் எல்லா டிசைன்களையும் திங்கட்கிழமை கொண்டுவாருங்கள், பிடித்திருந்தால் இந்த சீசன் முழுக்க அவரே எனக்கு வரையட்டும் என்று சொல்லி அனுப்பினார். மதினி அன்று முழுக்க ஏணியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். சந்தோஷத்தால் மட்டுமல்ல. அத்தனையும் மாடிக் கணினியில்தான் இருந்தன. அதுவோ சாகக் கிடந்தது. போன மழைக்காலத்தில் கூரை ஒழுகியதில் அதன் பென் டிரைவ் செருகும் இடங்கள் எல்லாம் பழுதாகிவிட்டன. சிடி தட்டு வெளியே வர மறுத்தது. சில நாட்களாக அதன் வயிற்றுக்குள்ளிருந்து, நகத்தால் தகரத்தைக் கீறுவதுபோல ஒரு சத்தம் வேறு. பழுது பார்க்கும் கடைக்காரர் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அக்கா, இதை பந்த் பண்ணாதீங்க. ஆஃப் ஆச்சுன்னா திரும்ப எந்திரிக்காது. ஓடிக்கிட்டு இருக்கும்போதே மால் எல்லாம் எடுத்துருங்க," என்றார். எடுப்பதற்கு வழி? பின்புறம் நெட்வொர்க் ஒயர் செருகும் துவாரம் ஒன்று மட்டும் நன்றாக இருக்கிறது என்று அவரே காட்டினார். கீழ்த்தளத்தில் அண்ணன் அண்மையில் வாங்கிப்போட்டிருந்த பழைய கணினியிலும் அதே போன்றதொரு துவாரம் இருந்தது.

இணைய இணைப்புக்காரர் விட்டுப்போயிருந்த ஒயரைத்தான் நாங்கள் முதலில் போட்டுப் பார்த்தோம். விளக்கு எரியவில்லை. ஒயரைக் கழற்றிக்கொண்டு கடைக்கு நடந்தேன். கடைக்காரர் இரு முனைகளையும் அருகருகே பிடித்துக் காட்டினார். உள்ளே வண்ண வண்ணமாக மெல்லிய கம்பிகள், இரு முனையிலும் ஒரே வரிசையில் இருந்தன. "இது சீதா ஒயரு. ரெண்டு புராணா கம்ப்யூட்டருக்கு நடுவுல உல்டா ஒயருதான் சலேகா," என்றார். இது நேர் ஒயர், பழைய கணினிகள் இரண்டுக்கு நடுவே தலைகீழ் ஒயர்தான் ஓடும் என்று அர்த்தம். ஒன்று பேசும் கம்பி மற்றதன் கேட்கும் கம்பியோடு சேர வேண்டுமாம். நேரான ஒயரில் வாய் வாயோடும் காது காதோடும் ஒட்டிக்கொள்கின்றன, அதனால் யார் பேசுவதும் யாருக்கும் கேட்பதில்லை. ஒரு முனையை வெட்டி, கம்பிகளின் இடத்தை மாற்றி அழுத்திக் கொடுத்தார். அந்த ஒயரைப் போட்டபோதுதான் பச்சை விளக்கு துடித்தது.

ஆனால் விளக்கு எரிந்ததே தவிர, ஒன்றின் திரையில் மற்றது தென்படவில்லை. காரணத்தைச் சொல்வதற்கு எங்கள் வீட்டின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தாத்தா இறந்து வெகுகாலமாகிறது; அவர் பெயர்தான் வீட்டில் எல்லாவற்றுக்கும். அண்ணனுக்கு அந்தப் பெயர். ஊரில் இருக்கும் பெரியப்பா, சித்தப்பா வீட்டு மூத்த பிள்ளைகளுக்கும் அதே பெயர். பட்டறைப் பலகை, டெம்போவின் நெற்றி, தெருவில் தண்ணீர் பிடிக்க வைக்கும் நீல டிரம் வரைக்கும் அதுதான். இவ்வளவு இடங்களில் எழுதப்பட்ட அந்தப் பெயரை வீட்டுப் பெண்கள் வாயால் சொல்வதில்லை. மாமனார் பெயர் என்பதால் அம்மா அண்ணனை 'தம்பி' என்றே கூப்பிட்டார். கணவரின் பெயர் என்பதால் மதினி அதைச் சொல்வதே இல்லை. மாடிக் கணினிக்கு வாங்கிய அன்றே அண்ணன் அந்தப் பெயரை வைத்துவிட்டான். ஒயர் போட்ட அந்தக் காலையில் கீழ்த்தளக் கணினி, தன்னை வலையில் சேர்க்க ஒரு பெயர் கேட்டது. நான் மேலே இருந்தேன். ஏணித் திறப்பு வழியாக மதினியின் குரல் வந்தது.

"பேரு கேக்குட்டி, என்ன போட?"

"எதையாவது போடுங்க மதினி."

"வீட்டுப் பேரையே போடுதேன்."

வாயால் சொல்லாத பெயரை விரல்களால் எழுதினார். திரையின் மூலையில் ஒரு சிறு அறிவிப்பு எழுந்தது. வலையில் இதே பெயரில் இன்னொன்று ஏற்கெனவே இருக்கிறது என்று ஆங்கிலத்தில் இருந்ததாம். எழுத்துக்கூட்டிப் படித்து மேலே சொன்னார். "இருக்கத்தான செய்யும்! இந்த வீட்டுல வேற என்ன பேரு இருக்கு?" என்று சிரித்தபடியே அதை மூடினார். நானும் சிரித்தேன். அது தகவல் அல்ல, புகார் என்பது இருவருக்கும் உறைக்கவில்லை.

மதியம் முழுவதும் குற்றத்தை வேறெங்கோ தேடினோம். ஒவ்வொரு கணினிக்கும் கொடுத்த எண்ணைச் சரிபார்த்தோம். ஒயரைக் கழற்றி ஊதி மாட்டினோம். மின்விசிறியை நிறுத்திப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் இயந்திரம் ஓடவில்லை. மேலிருந்து அந்தக் கீறல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் அது சற்றே நின்றபோது மதினி கையிலிருந்த டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். மீண்டும் கேட்ட பிறகுதான் டீயைக் குடித்தார். அண்ணன் ஏணிப்படியில் உட்கார்ந்து, "என்ன, கெழடு ரெண்டுக்கும் சம்மந்தம் பேசி முடிச்சாச்சா? ஜாதகம் பொருந்தலயோ?" என்றான். "ஒங்க ஜாதகம் மட்டும் பொருந்திச்சாக்கும்," என்றார் மதினி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவன் எழுந்து டெம்போவைக் கழுவப் போய்விட்டான்.

அதன் பிறகு பேச்சு ஊர்ப்பக்கம் திரும்பியது. களைப்பில் அப்படித்தான் திரும்பும். கோயில் கொடை விழாவில் ஒலிபெருக்கியில் அண்ணன் பெயரைக் கூப்பிட்டார்களாம். "மூணு பேரு எந்திரிச்சு நின்னாங்கட்டி. கூப்பிட்டவரு முழிக்காரு, யாருக்கு மாலை போடன்னு. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு, கடைசியில மூணு பேருமே உக்காந்துட்டாங்க..." சிரிப்பு பாதியில் நின்றது. மதினி திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அந்த எழுத்து, காலையில வந்துச்சே..." என்றார் மிகவும் மெதுவாக.

ஒன்றின் பெயரை மாற்ற வேண்டும். மாற்றினால் அந்தக் கணினி ஒருமுறை அணைந்து எழ வேண்டும். மாடியில் இருப்பதை அணைக்க முடியாது. ஆகவே பட்டறையின் நட்டநடுவில், அப்பா உட்கார்ந்து பில் பார்க்கும் இடத்தில் இருக்கும் கணினிக்குத்தான் வேறு பெயர். "நீங்க எழுதுறது எல்லாம் வந்து சேரப்போற இடம். உங்க பேரையே போடுங்களேன்," என்றேன். நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. சொன்ன பிறகு எனக்கே வியப்பாக இருந்தது. "கீழ உள்ளதுக்கா? மாமா பாப்பாங்கட்டி," என்றார் மதினி. விசைப்பலகையில் 'கீழே' என்பதன் முதல் எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்டினார். அழித்தார். மேலே கீறல் சத்தம் ஒரு மூச்சு நின்று, மறுபடி தொடங்கியது. வேறெதையும் யோசிக்க நேரமில்லை என்பதுபோல, வேகமாக, ஒரு பிழையுமின்றி, தன் பெயரை எழுதி முடித்தார். அதை அவர் எழுதி நான் பார்த்ததில்லை. நெடுநாள் எழுதாத எவரும் அப்படி எழுத மாட்டார்கள். மனதுக்குள் எழுதிக்கொண்டேதான் இருந்திருக்க வேண்டும்.

கணினி அணைந்து எழுந்தது. வலையைத் திறந்தோம். தாத்தாவின் பெயர் ஒரு வரியில். மதினியின் பெயர் அடுத்த வரியில். மதினி முதல் வரியை அழுத்தினார். மாடி முழுவதும் கீழே திறந்துகொண்டது.

அந்தக் காட்சிக்கு இன்றுவரை எனக்குச் சரியான சொல் கிடைக்கவில்லை. ஏணி ஏறாமல், கதவு திறக்காமல், எங்கள் தலைக்கு மேல் ஓர் இருட்டான பெட்டிக்குள் இருந்தவை ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. மயில்கள், மாங்காய்கள், அவற்றின் பின்னால் வேர்கள், கம்பிகள், துளிகள். நான் பார்த்தே இராத எத்தனையோ: மின்கம்பத்தில் சிக்கிய பட்டங்கள், மீன் விற்பவரின் கூடைப் பின்னல், அடுக்கி வைத்த பானைகளின் வாய்கள். ஓர் இளம்பெண்ணின் ஊசிமுனையளவு உலகம், கட்டைவிரல் தடிமன்கூட இல்லாத ஓர் ஒயருக்குள் ஒன்றையொன்று இடிக்காமல் நடந்து வந்தது. மதினி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். ஒவ்வொன்றும் வந்து சேரும்போது, தெரிந்தவர்களை ரயிலடியில் அடையாளம் காண்பவர்போல மெல்லத் தலையசைத்தார்.

அப்பா வந்தபோது அது முடியும் தறுவாயில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் நாற்காலிக்கு வந்தவர், திரையில் இரண்டு வரிகளையும் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். முதல் வரியில் விரலை வைத்து, "இது நம்ம அப்பா," என்றார். விரல் கீழே இறங்கியது. மருமகளை 'எம்மா' என்றே கூப்பிட்டுப் பழகியவர். எழுத்தில் சட்டென்று புரியவில்லை.

"இது யாரும்மா?"

"நாந்தான் மாமா."

அப்பா விரலை எடுத்துவிட்டு, டீ இருக்கிறதா என்று கேட்டார்.

எல்லாமும் வந்து சேரவில்லை. கடைசித் தொகுப்பு ஒன்று பாதியில் நின்றது. மாடிக் கணினி அந்த வாரமே அடங்கிவிட்டது. வியாபாரி சிலவற்றை எடுத்துக்கொண்டு பலவற்றை ஒதுக்கினார். மதினி மிகவும் விரும்பிய பட்டங்களும் ஒதுக்கப்பட்டவற்றில் அடக்கம். ஆனாலும் அந்த சீசனை அவருக்கே கொடுத்தார், அதற்கடுத்த சீசனையும். நான் இப்போது மாட்டுங்காவில் விடுதியில் தங்கி முதுகலை படிக்கிறேன். இங்கே எந்த ஒயரும் இல்லை. மடிக்கணினியைத் திறந்தால் எல்லாம் எல்லாவற்றோடும் பேசுகின்றன, எவரும் அதிசயிப்பதில்லை. நானும்தான்.

போன வாரம் அப்பா தொலைபேசியில் அழைத்தார். பட்டறைக்குப் புதிய கணினி வாங்கியிருக்கிறார்கள். பின்னணியில் இயந்திரம் ஓடும் சத்தம். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"ஏட்டி, இது பேரு கேக்கு. ஒங்க மதினி பேர இங்கிலீசுல எப்பிடி எழுதணும்?"

"அவங்க பக்கத்துலதான இருப்பாங்க, கேளுங்களேம்பா."

"அவட்ட கேட்டா வேண்டாம்னுருவா. நீ ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு."

சொன்னேன். ஒவ்வொரு எழுத்துக்கும் பிறகு அவர் விசையைத் தேடும் அமைதியும், கண்டுபிடித்து அழுத்தும் ஓசையும் எனக்குக் கேட்டன.