வெள்ளைத் துணியில் ஒட்டாத நீலம்

என் மகள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆடிக் காற்றில் சளி பிடித்து, இரண்டு நாளாகப் பால் குடிக்கத் திணறிக்கொண்டிருந்தாள். அன்று காலையில் அவள் உதடு நீலமாகத் தெரிந்தது.

எங்கள் வீட்டில் நீலம் அதிசயம் இல்லை. கொல்லையில் தொட்டி வைத்து நூலுக்குச் சாயம் போடுவதுதான் பிழைப்பு. சங்கரன்கோவிலில் எங்கள் தெருக்காரர்களின் கையைப் பார்த்தே தறியில் என்ன நிறச் சேலை ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். என் கணவருக்கு முழங்கை வரை நீலம். நூல் காயப்போடும் என் விரல்களும் அப்படித்தான். அதனால் என் நாத்தனார் பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏட்டி, சாயக் கையோட பிள்ளையத் தூக்குத. பொறவு நீலமா இருக்குன்னு நீயே பதறுத.”

“கழுவிப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன் மதினி.”

கன்னத்தில் ஒட்டியிருந்த சாயத் திட்டு வெந்நீரில் போயிருந்தது. உதட்டு நீலம் போகவில்லை. குளிரில் பிள்ளைக்குக் கையும் காலும் நீலம் பூக்கும், போர்த்தினால் சரியாகிவிடும் என்று பிரசவத்தின்போது நர்ஸம்மா சொல்லியிருந்தார். உதடும் நாக்கும் நீலமானால் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருக்காதே, ஓடி வா என்றும் சொல்லியிருந்தார். போர்த்தியதும் பாதம் சிவந்துவிட்டது. பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வாயைத் திறந்து பார்த்தேன். நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது நாக்கு.

“உன் விரலச் சப்பியிருக்கும்ட்டி” என்றார் மதினி.

சாயம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, நூலின் மேல் ஈர வெள்ளைத் துணியை வைத்துத் தேய்ப்போம். துணியில் நிறம் ஏறினால் சாயம் போகிறது என்று அர்த்தம். சுத்தமான வெள்ளைத் துணி ஒன்றை வெந்நீரில் நனைத்து, பிள்ளையின் நாக்கை மெல்லத் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. அதை மதினி முன்னால் விரித்துக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி நூலு வாங்கப் போயிருக்கான். அவன் வரட்டுமே” என்றார் கடைசியாக.

“அவுக வாரவரைக்கும் இவ தாங்குவாளா? நெஞ்சுக்குழி உள்ள போறது தெரியலையா?”

கேட்டுக்கொண்டே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் வண்டி எதுவும் கிடைக்கவில்லை. இடித்துக்கொண்டு நடந்தேன். வைதவர்களைத் திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுத்தவர், பிள்ளைக்கு உதடு நீலம் என்று நான் சொன்னதும் முதலில் என் கையைத்தான் பார்த்தார். “சாயந்தாம்மா. நல்லாத் தேச்சுக் குளிப்பாட்டு, போயிரும்.”

நான் நகரவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த அந்த வெள்ளைத் துணியை மேஜைமேல் போட்டு, பிள்ளையின் வாயைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன்.

“நாக்கத் தொடச்சுப் பாருங்க அண்ணாச்சி. துணியில ஒட்டுச்சுன்னா பேசாம வீட்டுக்குப் போறேன்.”

அவர் துடைக்கவில்லை. வாயைப் பார்த்தார், இழுத்துக்கொண்டிருந்த நெஞ்சைப் பார்த்தார். சீட்டைப் போட்டுவிட்டுப் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்கு ஓடினார்.

நிமோனியா என்றார் டாக்டரம்மா. ஊசி போட்டார்கள், மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் உதட்டையே பார்த்தபடி நின்றேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. சாயங்காலம் என் கணவர் ஓடி வந்து, “பிள்ளைக்கு என்ன?” என்று கேட்டார். நான் கட்டிலைக் காட்டினேன்.

பதிலைப் பிள்ளைதான் சொன்னாள். இரண்டு நாளாக முனகிக்கொண்டு மட்டும் கிடந்தவள், வாயை முழுக்கத் திறந்து வீறிட்டு அழுதாள். உள்ளே நாக்கு செக்கச்செவேல் என்றிருந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத நான், அவளுக்குப் போட்டியாக அழ ஆரம்பித்தேன்.