பீலி இடப்பக்கம், கோயில் வலப்பக்கம்: இரண்டு மைக்குகளோடு மடுல்சீமைக்கு

இந்தப் பயணத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் வீட்டுக்காரர். மடுல்சீமை டவுனிலிருந்து எங்களை ஏற்றிப்போன திரீவீல் டிரைவர் ராஜு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்குப் படுக்க இடம் கொடுத்த செல்லம்மா அக்கா. அந்த லயத்து மாரியம்மன் கோயில் பூசாரி முத்தையா அண்ணன். வராதவர் ஒருவர், என் நாத்தனார் கமலா மதினி. பயணமே அவருக்காகத்தான்.

மதினிக்குச் சீனி வியாதியில் போன வருடம் இரண்டு கண்ணும் போய்விட்டது. அதுவரை மடுல்சீமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டு, லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் தனியாக இருந்தவர். இப்போது பதுளையில் எங்களோடு இருக்கிறார். சாப்பாடு, மருந்து எதிலும் குறையில்லை, அம்மன் புண்ணியம். ஆனால் வாசல்படி தாண்டுவதில்லை. வருகிற மாதம் அவருடைய லயத்தில் திருவிழா. "வாங்க மதினி, கூட்டிட்டுப் போறோம்" என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டோம்.

"நான் ஓடி ஆடித் திரிஞ்ச எடத்துல செவுத்தத் தடவிக்கிட்டு நிக்கச் சொல்றியா? வரல" என்பார். அதற்குமேல் பேச்சில்லை.

பக்கத்துக் காம்பரா செல்லம்மா அக்கா ஒருநாள் போனில் லயத்துக் காலைச் சத்தத்தைப் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மதினி காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். "எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி வச்ச மாதிரி இருக்கு. பீலித் தண்ணி எந்தப் பக்கம் கொட்டுது, கோயில் எந்தப் பக்கம்னே தெரியல. நான் எங்க நிக்கிறேன்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடமும் வலமும் பிரித்துக் கேட்கும்படி அந்த இடத்தைக் கொண்டுவந்து கொடுத்தால், முதலில் காதாலே நடந்து பழகிக்கொள்வார். பயம் விட்டால் திருவிழாவுக்கும் வருவார். போன் மைக் பேச்சைப் பிடிப்பதற்காகவே செய்தது. தண்ணீர், குருவி, காற்றையெல்லாம் வேண்டாத இரைச்சல் என்று அதுவே அழித்துவிடும். ஸ்டீரியோ மைக் வேண்டும்.

எனக்கு இதில் படிப்பு கிடையாது. அடுப்படியில் வேலை செய்துகொண்டே வீடியோ பார்த்துக் கற்றதுதான். பதுளையில் எங்களுக்குத் தெரிந்த கடை முதலாளி இரண்டு மைக் காட்டினார். ஒன்று போனில் சொருகும் சின்ன மைக், உள்ளே இரண்டு காது குறுக்கும் நெடுக்குமாக இருக்கும், 12,500 ரூபாய். மற்றது குண்டுமணியளவில் இரண்டு தனித்தனி மைக். இரண்டு காதுக்குப் பக்கத்திலும் மாட்டி, சின்ன ரெக்கார்டர் ஒன்றில் இணைக்க வேண்டும், ரெக்கார்டரோடு 38,500. சீட்டுக் காசு கையில் இருந்தது. இரண்டுக்கும் பணம் கட்டினோம். செவ்வாய்க்கிழமைக்குள் பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பேச்சு. வீட்டுக்காரர் கடை வாசலிலேயே, "சின்னதே போதுமே. கேக்குறதுக்குத்தானே?" என்றார். வீட்டுக் கொல்லையில் இரண்டையும் வைத்துப் பார்த்தபோது எனக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் உண்மை. பதுளை டவுனில் பஸ் ஹாரனுக்கு நடுவே எந்த மைக்கும் ஒன்றுதான்.

ஞாயிறு காலை பூசை முடித்து, 10.40க்குப் பதுளை பஸ் நிலையத்தில் ஏறினோம். பசறை வழியாக மடுல்சீமை போய்ச் சேர ஒன்று ஐந்து. டிக்கெட் ஆளுக்கு 210. ஜன்னலோரம் உட்கார நினைப்பவர்கள் ஏறும்போதே இடப்பக்கம் பிடியுங்கள், பசறை தாண்டியதும் பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். வாந்தி வருபவர்கள் வலப்பக்கம் பிடியுங்கள், காரணம் அதேதான்.

மடுல்சீமையிலிருந்து தோட்டத்துக்கு ஏழு கிலோமீட்டர். ரோடு என்று சொல்வது மரியாதைக்காக. ராஜு 1,200 கேட்டு 1,000க்கு வந்தார். மேலே புல்வெளித் திருப்பம் ஒன்றில் காற்று நன்றாக அடித்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி, சின்ன மைக்கை நீட்டிக் கேட்டேன். குருவி இல்லை, மரம் இல்லை. கல்லில் ஈரச்சேலையை அடித்துத் துவைக்கிற மாதிரி தொம் தொம் என்று காற்று மட்டும். அடுத்து அந்த ஜோடி மைக்கைத் தலையில் கட்டிய துண்டில் காதோரமாக மாட்டினேன். அதிலும் காற்று அடித்தது, ஆனால் அதற்குப் பின்னால் புல் அசைவது கேட்டது.

ராஜு வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, அக்காவுக்குக் காது ஏதும் நோவா?"

"காது நல்லாத்தான் இருக்கு தம்பி. நான் சொல்றது மட்டும்தான் கேக்காது."

மூன்று மணிக்கு லயத்தில் இறங்கினோம். செல்லம்மா அக்கா ஓடிவந்து பைகளை வாங்கிக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் ஐந்து காம்பராவில் தேத்தண்ணி குடித்தோம். ஒரு வீட்டில் குடித்து அடுத்த வீட்டில் மறுத்தால் அது வருடக்கணக்கில் பேச்சாகும். எல்லாரும் மதினியைக் கேட்டார்கள். நானும் எல்லாரிடமும், "கமலா மதினி கேக்குறதுக்காக நாளைக்கு விடியக்காலையில இங்க பதிவு பண்ணப் போறேன்" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். எதைப் பதிவு செய்யப்போகிறேன் என்று சொல்லவில்லை. அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமென்று எனக்குத் தோன்றவே இல்லை.

திங்கள் காலை ஐந்தரைக்கு மதினியின் பூட்டிய காம்பரா வாசலில் போய் உட்கார்ந்தேன். பனிமூட்டம், நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கண்ணாடி வளையல் குலுங்கினால் பதிவில் விழும். ஆனால் காலங்காத்தாலே கையை வெறுமையாக்க எனக்கு மனம் வராது, அதனால் கைக்குட்டையால் வளையலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். தாலிக்கொடியையும் ரவிக்கையோடு ஊசி குத்தினேன். அம்மனை நினைத்துக்கொண்டு சின்ன மைக்கை முதலில் போட்டேன்.

மழை கேட்டது. தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி சீராக ஒரு 'ஸ்ஸ்'. கையை நீட்டிப் பார்த்தேன், ஒரு சொட்டில்லை. ஹெட்போனைக் கழற்றினால் மழை இல்லை, மாட்டினால் பெய்கிறது. அது மைக்கினுடைய சொந்த இரைச்சல். பதுளையில் டவுன் சத்தம் அதை மூடி வைத்திருந்திருக்கிறது.

அடுத்து ஜோடி மைக்கை மாட்டினேன். மழை நின்றுவிட்டது. வலப்பக்கம் இலையிலிருந்து சொட்டும் நீர். தூரத்தில் ஒரு குருவி. வலப்பக்கமே ஒரு குழந்தை சிணுங்க, "ஸ்ஸ், ஸ்ஸ்" என்று யாரோ வாயைப் பொத்துகிறார்கள். இடப்பக்கம், தாழ்வில், அடக்கி அடக்கி ஒரு இருமல். என்ன தெளிவு! ஆனால் ஏதோ சரியில்லை. நாய் குரைக்கவில்லை. கோழி இல்லை. ரேடியோ இல்லை. அடுப்பு ஊதும் சத்தம்கூட இல்லை. இருபத்துநாலு காம்பரா உள்ள லயத்தில், வேலைக்குக் கிளம்பும் நாளில், பீலித் தண்ணீர் விழும் சத்தம்கூட இல்லை!

பக்கத்துக் கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. செல்லம்மா அக்கா கையாலேயே கேட்டார், ஆயிற்றா? நான் தலையாட்டினேன்.

"மூச்சு விடலாமா தங்கச்சி?" என்றவர் பதிலுக்குக் காத்திராமல் லயத்தைப் பார்த்துக் கத்தினார்: "முடிஞ்சிருச்சு! எல்லாரும் வெளிய வாங்க!"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. முதல்நாள் மாலை நான் குளிக்கப் போன நேரத்தில் பூசாரி முத்தையா அண்ணன் கோயில் ஸ்பீக்கரில் அறிவித்திருக்கிறார்: கமலாவுக்காகப் பதிவு நடக்கிறது, யாரும் சத்தம் போடக்கூடாது. நாய்களைக் கீழ் லயத்தில் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்கள். கோழிக்கூட்டைப் போர்வையால் மூடியிருக்கிறார்கள். முத்தையா அண்ணனே பீலி வாயில் சாக்கைக் கட்டி, தண்ணீர் சத்தமில்லாமல் வழிய, அது நழுவாமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், அந்தக் குளிரில்.

"அப்ப கோயில் மணி?" என்றேன்.

"அடிக்கல" என்றார், நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே.

என் ஒரு மைக்குக்காக அம்மனுக்கு மணியில்லாமல் விடிந்திருக்கிறது. "ஐயோ அண்ணே, அந்த மணிச் சத்தத்தப் புடிக்கத்தானே வந்தேன்! நாயி, கோழி, பீலி எல்லாமே வேணும்."

அண்ணன் சட்டையைப் பிழிவதை நிறுத்தினார். "நாயி கொலைக்கிறதயா? அதுக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தீங்க?"

"இனிமே ஆத்தாகிட்ட நான் எப்படிப் போயி நிப்பேன்?"

"ஆத்தா கோவிச்சுக்க மாட்டா தங்கச்சி. கமலாவுக்குன்னா பொறுத்துக்குவா. வாங்க, இப்பப் போயி அடிப்போம்."

கோயிலில் கற்பூரம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அதற்குள் லயமே பதிவுக்கு உதவ முடிவு செய்துவிட்டது. சத்தம் வேண்டுமென்றால் கொடுப்போம் என்று ஆளாளுக்கு வாளியைத் தட்டினார்கள். "கமலா! ஏய் கமலா! நான்தான் மாரியாயி பேசுறேன்!" என்று லயத்திலேயே ஓயாமல் பேசும் அக்கா ஒருவர் என் காதருகே கத்தினார். அந்தப் பதிவை அழிக்கவில்லை, ஆனால் காதுக்கு ஆகாது. ஆறே காலுக்குமேல் அவரவர் வேலைக்கு நேரமாகி என்னை மறந்தார்கள். அப்போதுதான் லயம் தன்பாட்டுக்குப் பேச ஆரம்பித்தது. பன்னிரண்டு நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன்.

அன்று பிற்பகலே பதுளை வந்து சேர்ந்தோம். மதினிக்குத் தேத்தண்ணி கொடுத்து, ஹெட்போனை மாட்டிவிட்டேன். நல்ல பதிவை முதலில் போட நினைத்தும் அவசரத்தில் ஜோடி மைக்கின் முதல் பதிவையே, அந்த ஊமைப் பதிவையே, போட்டுவிட்டேன். நிறுத்தப் போனபோது மதினி என் கையைத் தட்டிவிட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு இடது கை மெல்ல உயர்ந்தது.

"இது முத்தையா அண்ணன் இருமல்."

"ஆமா மதினி."

"பீலிப் பக்கம் கேக்குது. இந்நேரம் மனுசன் கோயில்ல இல்ல நிக்கணும்? விடியக்காலையில பீலியில என்ன வேல அவருக்கு?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். சின்னதே போதும் என்று சொன்னவர் சின்ன மைக்கை எடுத்து அதன் பெட்டியில் வைத்தார்.

சாக்கு, நாய், கோழி, போர்வை என்று எல்லாவற்றையும் சொன்னேன். மதினி முதலில் நம்பவில்லை. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண் போன பிறகு அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்கவே இல்லை. "அந்த லயம் வாய மூடிக்கிட்டு இருந்துச்சா? மாரியாயி கூடவா? போடி, பொய். நேர்ல போயி பாத்தாத்தான் நம்புவேன்."

"அப்ப திருவிழாவுக்குப் போவமா?"

"மத்த பதிவையும் போடு. வாசல்லருந்து கோயில் வரைக்கும் கேட்டுக்கிறேன். அப்புறம் போவோம்."

சின்ன மைக்கைச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே திருப்பிக் கொடுத்தாயிற்று.

இதே வேலைக்காக மைக் தேடுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டவுனில் சோதித்து வாங்காதீர்கள். எவ்வளவு அமைதியான இடம் கிடைக்குமோ அங்கே கொண்டுபோய், எதையும் பிடிக்காமல் வெறுமனே ஓடவிட்டுக் கேளுங்கள். மைக் தன் குணத்தை அங்கேதான் காட்டும். கேட்பவர் ஹெட்போனில் திசை அறிய வேண்டுமென்றால், காது அகலத்தில் இரண்டாகப் பிரித்து மாட்டும் மைக் எங்களுக்குச் சரிவந்தது. பேட்டரி இரண்டு செட் எடுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்குகிறது. எங்களுக்கு மைக் தவிரச் செலவு, இரண்டு பேருக்கும் போக வர, 2,840 ரூபாய். செல்லம்மா அக்கா வீட்டுக்குக் கொண்டுபோன சீனியும் பிஸ்கட்டும் தனி. முக்கியமாக, போகிற இடத்தில் உள்ளவர்களிடம், "நீங்க எப்பவும் போல இருங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த தடவை நான் இரண்டுமுறை சொல்வேன்.

இன்னும் ஒரு காரியம் பாக்கியிருக்கிறது. அந்தப் புல்வெளித் திருப்பத்தில் இறங்கி நின்று காற்றைத் தானும் கேட்க வேண்டும் என்கிறார் மதினி. அந்த ஜோடி மைக்குகளுக்கு ரோமத்துணியில் காற்று உறை தைக்க வேண்டும். பதுளைக் கடைகளில் தயாராகக் கிடைக்கவில்லை. பொம்மைத் துணியில் தைத்தால் குருவிச் சத்தம் மங்கிவிடுமா, உள்ளே பஞ்சு வைக்க வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. தைத்துப் பார்த்தவர்கள் யாராவது இந்த வாரத்துக்குள் கீழே பதில் எழுதுங்கள். பதில் வந்ததா என்று மதினி காலையும் மாலையும் கேட்கிறார்.