கண்ணாடியில் தெரிந்த சீப்பு

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றில் பெயிண்டிங் பிரிவில் வேலை பார்த்தேன். பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் வரைவது என் வேலை. சேர்ந்த மூன்றாவது வருடத்திலேயே அங்கே எனக்குப் 'பேய்க்கா' என்று பேர் வந்துவிட்டது. மத்தியானம் சாப்பிடும்போது பழைய பேய்ப் படங்களின் கதையைச் சொல்வேன். எட்டு ஒன்பது பெண்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றி வந்து உட்கார்வார்கள்.

எனக்குக் கறுப்பு வெள்ளைப் பேய்ப் படம் என்றால் உயிர். புதுப் படங்களில் பேய் வந்தால் ரத்தம் வழியும், காது கிழியும். பழைய படத்தில் ஒரு ஜன்னல் திரை அசையும், அவ்வளவுதான், எனக்கு முதுகு சில்லென்று ஆகிவிடும். வௌவாலைக் கட்டித் தொங்கவிட்ட நூல் தெரியும். புகை போடுகிறவரின் கைகூட ஒரு படத்தில் தெரியும். அதெல்லாம் தெரிந்தும் எனக்குப் பிடிக்கும். இவ்வளவு குறைந்த சாமான்களை வைத்துக்கொண்டு நம்மைப் பயமுறுத்தப் பாடுபட்டிருக்கிறார்களே என்று அந்த ஆட்கள்மேல் ஒரு பாசம். சிடி பிளேயர் வாங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலையெல்லாம் சாத்தி, போர்வையைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பார்ப்பேன். என் வீட்டுக்காரர், "பட்டப்பகல்ல வூட்ட இருட்டாக்கி வெச்சிக்கினு என்னா பொம்பள இவ" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்.

ஒரே ஒரு படம் மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. பொம்மைகளைச் சுற்றுவதற்காகக் கம்பெனிக்குப் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வரும். அதில் ஒரு நாள் ஒரு சினிமாப் பாட்டுப் புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை. உள்ளே கதைச் சுருக்கம். மலைமேல் ஒரு பங்களா. புதிதாகக் கல்யாணமாகி அங்கே வருகிற பெண், தன் அறைக் கண்ணாடியில் ஒரு சீப்பு மட்டும் தானாக மேலும் கீழும் போவதைப் பார்க்கிறாள். தலை வாருகிறவளைக் காணோம். அவள் கண்ணாடியை நெருங்கிப் போகிறாள். அந்த இடத்தில், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டு முடித்துவிட்டார்கள். நாலு வருடம் அந்த மீதியைத் தேடினேன். கடலூர், நெய்வேலி, சிதம்பரம் என்று எங்கே போனாலும் சிடி கடையில், பேர் தெரியாது, சீப்பு தானாகத் தலை வாரும் படம் என்று கேட்பேன். கடைக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா புதிதாக வேலைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் போய், ஊரே இடம் மாறி, இங்கே வாடகைக்கு வந்திருந்தார்கள். அதிகம் பேசமாட்டாள். பொம்மைகளின் பிசிறைச் சுரண்டிக்கொண்டு ஓரமாக இருப்பாள். வந்த இரண்டாவது வாரம், மத்தியானச் சாப்பாட்டின்போது அந்தச் சீப்புக் கதையை நான் சொன்னேன். கண்ணாடி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தி, "அதுக்கு மேல யாருக்கும் தெரியாது" என்றேன். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள்.

சாப்பிட்ட கையோடு அந்த அக்கா சொன்னாள்: "அந்தப் படத்த நான் பாத்திருக்கேன்."

நான் டிபன் பாக்ஸைக் கீழே வைத்தேன்.

"எங்க ஊரு கீத்துக் கொட்டாயில போட்டாங்க. எனக்கு ஆறேழு வயசிருக்கும். இப்ப அந்தக் கொட்டாய் இருந்த எடமே இல்ல, சொரங்கத்துக்குள்ள போயிடுச்சு."

"அப்பறம் என்னாச்சுக்கா?" என்று எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

அவள் அவசரப்படாமல் சொன்னாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே முதல் சம்சாரத்தின் ஆவி, தலை முழுக்கச் சிக்கு விழுந்து உட்கார்ந்திருக்கிறது. "அது யாரையும் ஒண்ணும் பண்ணாது. எவ்ளோ நாளா வாரினாலும் அதுக்குச் சிக்கு போவல. பின்பக்கம் கை எட்டல, பாவம். எனக்குக் கொஞ்சம் வாரி வுடுறியான்னு கேக்குது. இந்தப் பொண்ணு பயந்துக்கினே உக்காந்து வாரி வுடுறா. சிக்கு எடுக்க எடுக்க அது மறைஞ்சிக்கினே போவுது. கடைசியில சீப்பு மட்டும் இவ கையில இருக்குது."

பேக்கிங்கில் இருந்த ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இத்தனை வருடத்தில் என் கதைக்கு எவளும் அழுததில்லை.

அன்று சாயங்காலம் வரைக்கும் நான் வரைந்த பொம்மைகளின் கண்ணெல்லாம் கோணிப்போயிருந்தது என்று சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிட்டார். நாலு வருடம் நாயாக அலைந்தது நான். பார்த்தது அவள். பார்த்துவிட்டு, அது ஒரு பெரிய விஷயமே இல்லாததுபோல முப்பது வருடம் சும்மா வைத்திருந்தவள். வீட்டுக்குப் போய்ச் சாதம் வடிக்கும்போதும் அதே நினைப்பு.

மறுநாள் எல்லார் முன்னாலும் கேட்டேன். "யாருக்கா அதுல நடிச்சது?"

"தெரியலியே."

"பாட்டு ஏதாவது ஞாபகம் இருக்குதா?"

"இல்லம்மா."

"அப்ப நீங்களா கட்டி வுடுறீங்க" என்றேன். அவள் கோபப்படவில்லை. "இருக்கும்" என்று சொல்லிவிட்டு மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டாள். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் பாண்டிச்சேரி போனபோது, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நடைபாதைக் கடையொன்றில் குவியலுக்குள் அந்தப் படம் கிடைத்தது. உறைமேல் கண்ணாடியும் சீப்பும். கல்யாணச் சாப்பாட்டைக்கூட முடிக்காமல் பஸ் ஏறினேன்.

வீட்டில் ஜன்னலைச் சாத்தித் தனியாகப் பார்த்தேன். சீப்புக் காட்சி அழகுதான். நூல் லேசாகத் தெரிந்தது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் கதவெல்லாம் கிடையாது. பேயும் கிடையாது. எஸ்டேட் மேனேஜர்தான் சவுரி வைத்துக்கொண்டு சேலை கட்டி, சொத்துக்காகப் பயமுறுத்துகிறான். போலீஸ் ஜீப் வந்து பிடித்துக்கொண்டு போகிறது. சுபம்.

நாலு வருடம் தேடியதற்கு இதுதானா என்று வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாட்டினாள் என்றுதான் நினைத்தேன்.

ஆயுத பூஜை அன்று கம்பெனியில் வேலை கிடையாது. பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் கொடுப்பார்கள். முதலாளியிடம் கேட்டு ஆபீஸ் ரூம் டிவியில் என் பிளேயரை மாட்டினேன். ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டோம். அந்த அக்காவைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்தேன். "ஒங்க படந்தான்க்கா, பாருங்க" என்றேன்.

சவுரி கழன்று மேனேஜர் தலை தெரிந்ததும் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நான் டிவியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் சிரித்தாள்.

"அட, இவனா?" என்றாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அந்தச் சீப்பு வந்ததுமே நான் எங்கம்மா மடியில மூஞ்சிய வெச்சிக்கினேன். படம் முடியற வரைக்கும் தூக்கவே இல்ல. ஊட்டுக்கு நடந்து வரப்ப, அப்பறம் என்னாச்சும்மான்னு கேட்டேன். அவங்க சொன்னதத்தான் நான் சொன்னேன். இவ்ளோ நாளு படத்துலதான் அப்பிடி இருக்குதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"ஒங்கம்மா ஏன் மாத்திச் சொன்னாங்க?"

"அப்ப எனக்குத் தலையில பயங்கரச் சிக்கு. வாரவே வுடமாட்டேன்" என்று சொல்லித் திரும்பவும் சிரித்தாள்.

பக்கத்தில் இருந்தவள், "போக்கா, ஒங்கம்மா சொன்ன படந்தான் நல்லாருக்குது" என்றாள். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வயிறு இன்னும் அதிகமாக எரிந்தது. முதலில் அவள் படத்தைப் பார்த்திருக்கிறாள் என்று எரிந்தது. இப்போது, பார்க்காமலே அவளுக்கு அதைவிட நல்ல படம் கிடைத்திருக்கிறதே என்று. என் அம்மா என்னோடு சினிமாவுக்கு வந்ததே இல்லை.

அவளுக்கு வேறு கதை தெரியாது. வாழ்க்கையில் பார்த்த பேய்ப் படம் அந்த அரைப் படம்தான். அதனால் மத்தியானக் கூட்டம் மறுபடியும் என்னிடமே வந்தது. ஆனால் சீப்புக் கதையை யாராவது கேட்டால், "அதான் பாத்தாச்சே" என்று பேச்சை மாற்றிவிடுவேன். அந்த அக்கா மேலும் ஒரு வருடம் இருந்தாள். அந்த ஒரு வருடத்தில் நான் அவளோடு ஒரு நாள்கூடச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை. முழங்கால் வலி என்று வேலையை விட்டு சேத்தியாத்தோப்பில் இருந்த மகளிடம் போனாள். போகும்போது, "வரேம்மா" என்றாள். கையில் பெயிண்ட் இருக்கிறதென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் போன பிறகு வேப்பூரிலிருந்து இரண்டு பெண்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒரு மழை நாள், கரண்ட் இல்லை, வேலை ஓடவில்லை. பேய்க் கதை சொல்லச் சொன்னார்கள். என்னை அறியாமல் பங்களாவில் ஆரம்பித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் கதவைத் திறந்தேன். சிக்கு எடுத்தேன். கடைசியில் சீப்பு மட்டும் கையில் மிஞ்சியது. இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

பேக்கிங்கில் இருந்த பழைய ஆள் ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இது அந்த அக்காவோட அம்மா சொன்னதுதான?"

"இல்ல" என்றேன். "படத்துலயே அப்பிடித்தான்."