கோர்ட் கலையும் வரை

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பூந்தமல்லி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு எதிரே, வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்காக வாதாட ஒரு சிறிய அறை வைத்திருந்தோம். மூன்று இளம் வக்கீல்கள், அவர்களுக்குத் தலைவனாக நான். எந்த வழக்கை எப்படி நடத்துவது என்பது என் பொறுப்பு. அதில் நான் மிகவும் தடுமாறியது ஒரு விரால் மீனுக்காக.

திருநின்றவூர்ப் பக்கம் ஓர் ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்குப் போயிருந்தது. கூலிக்கு ஏர் ஓட்டும் கிழவர் ஒருவரை, துண்டில் சுற்றிய ஒற்றை விராலோடு குத்தகைக்காரரின் ஆட்கள் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

வழக்கை எடுத்த இளைஞர் கெட்டிக்காரர். "மழையில் ஏரி வழிந்திருக்கிறது. வெளியே வாய்க்காலில் பிடித்ததாகச் சொல்லுங்கள் பெரியவரே, வழக்கு நிற்காது" என்றார்.

கிழவர் அசையவில்லை. "ஏரிலதான் சாமி புட்ச்சேன்."

"உள்ளே போட்டுவிடுவார்கள்."

"போட்டா போட்டும். எம் பொஞ்சாதி ஒரு மாசமா ஜொரத்துல கெடந்தா. கஞ்சிகூட எறங்கல. அன்னிக்கிதான் வாயத் தொறந்து, வெரா மீனு கொயம்பு இருந்தா ரெண்டு வாய் துன்னுவேன்னா. ஏரில எறங்கனேன். இதுக்குப் பொய்யி இன்னாத்துக்கு?"

இளைஞர் என்னைப் பார்த்தார். நான் அழுத்திச் சொல்லியிருந்தால் கிழவர் இணங்கியிருக்கக்கூடும். "அவர் விருப்பப்படியே சொல்லட்டும்" என்றேன். அதற்குப் பிறகு இளைஞர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் நிம்மதி இல்லை. ஜெயிலுக்குப் போகப்போவது நான் இல்லையே.

விசாரணையன்று கிழவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அப்போது பின்வரிசையில், எலும்பும் தோலுமாக ஒரு அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"தொரை, கேட்டது நானு. அவர உட்டுட்டு என்ன உள்ள போடுங்க."

கூண்டிலிருந்த கிழவர் பதறித் திரும்பினார். "நீ ஏன் எய்ந்துக்கற? குந்து, மயக்கம் வந்துடும்!"

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த மீனைச் சாப்பிட்டாயா அம்மா?"

"எங்க தொரை? அதத்தான் புடுங்கிக்கினாங்களே."

அவர் பேனாவை மறுபடி எடுத்துக் காகிதத்தில் ஒரே ஒரு வரி எழுதினார். பிறகு தீர்ப்பு சொன்னார்: கோர்ட் கலையும் வரை காவல்.

கிழவருக்குப் புரியவில்லை. "எந்த ஜெயிலு சாமி?" என்று என்னைக் கேட்டார்.

"ஜெயில் இல்லை. சாயங்காலம் வரை இங்கேயே உட்கார்ந்திருங்கள், போதும்" என்றேன்.

சேவகர் ஜன்னலோரம் பெஞ்சை இழுத்துப் போட்டார். அம்மாளும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் இளைஞர் எங்கிருந்தோ ஒரு செம்பு மோர் வாங்கி வந்து அவளைக் குடிக்க வைத்தார். குடித்தவள் கணவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். மற்ற வழக்குகள் நடந்தன. கிழவர் மட்டும் ஆடாமல் அசையாமல் இருந்தார்.

ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட் எழுந்து போனார். நான் பெஞ்சருகே சென்று, "கிளம்பலாம் பெரியவரே" என்றேன்.

"இரு சாமி, கையிதான் மரத்துப்பூட்ச்சி, பரவால்ல" என்றார் தணிந்த குரலில். "இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும். இத்தினி நாளும் அவ தூங்கவேயில்ல."

சேவகர் கதவைப் பூட்டாமல் காத்திருந்தார். நானும் இளைஞரும் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம்.