ஏழு நாள் வண்டிக் கணக்கு

அட்டையும் பென்சிலுமாக ஏழு நாள் நான் உட்கார்ந்திருந்த பலாமரம், கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டு ஊர்களுக்கு மண்பாதை பிரியும் முக்கில் இருந்தது. தொண்ணூற்றொன்பதில் நான் சிவில் இஞ்சினியரிங் கடைசி வருடம். புராஜெக்ட் என்றால் நாலு பேர் சேர்ந்து செய்வது வழக்கம். வகுப்பு நாலு நாலாகப் பிரிந்தபோது நான் மட்டும் மிச்சமானேன். யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. வா என்று கூப்பிடவும் இல்லை. போங்கடா என்று, அந்த மலைப் பாதைக்குத் தனியாகவே தார்ச்சாலை வடிவமைக்கிறேன் என எழுதிக் கொடுத்துவிட்டேன். வீம்புதான், வேறென்ன.

பாதையின் மண்ணை அள்ளிப் போய், நாலு நாள் தண்ணீரில் ஊறவைத்து, அதன் பலம் பார்க்கிற வேலை கல்லூரியில் முடிந்திருந்தது. பாக்கி வண்டிக் கணக்கு. ஒரு வாரம், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, போகிற வருகிற வண்டிக்கெல்லாம் ஒரு கோடு. ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும். பாடப்புத்தகத்தில் அது அரைப் பக்கம். ஒரு மணிநேரம் எவ்வளவு நீளம் என்பது அந்த மரத்தடியில் உட்கார்ந்தால்தான் தெரியும். ஒரு மரவள்ளிக் கிழங்கு லாரி, ஒரு ஜீப், எப்போதாவது ஒரு மோட்டார் சைக்கிள். தலைச்சுமையோடு நடந்து போன பெண்கள்தான் அதிகம். அவர்களுக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை. மதியச் சோற்றை மரத்தைப் பார்த்துக்கொண்டு தின்றேன்.

முதல் நாளே ஜீப்காரர் வண்டியை நிறுத்தினார். நாற்பது வயதிருக்கும். "ஏனுங்க அம்மிணி, என்னத்த எழுதறீங்க?" என்றார். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பெரிய புரொஃபசர் மாதிரி விளக்கினேன். எத்தனை வண்டி ஓடுகிறதோ அதற்குத் தக்கபடிதான் ரோட்டின் கனம். வண்டி கூடினால் கனமும் கூடும் என்றேன். இது மதிப்பெண்ணுக்குச் செய்கிற பயிற்சி, இதைப் பார்த்து யாரும் ரோடு போடப் போவதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து ஜீப் அடிக்கடி வந்தது. ஒவ்வொரு தடவையும் ஹாரன் அடித்துக் கையைத் தூக்குவார். தனியாக இருக்கிற பெண்ணாயிற்றே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாலாம் நாள் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்தேன். அந்த வருடம் முழுக்க என்னைக் கண்டதும் கை தூக்கியவர் வேறு யாருமில்லை.

ஐந்தாம் நாள் கோடுகளைக் கூட்டும்போது சுருக்கென்று உறைத்தது. ஜீப்பில் அவரைத் தவிர ஆளே இல்லை. காலியாகப் போய்க் காலியாகத் திரும்புகிறது. நிறுத்திக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

"போன மழைக்கு எம்பொண்டாட்டியப் பிரசவத்துக்கு ஏத்தியாந்தனுங்க. வண்டி சேத்துல எறங்கிருச்சு. பாதி வழியிலயே பொறந்துச்சு, தங்கலீங்க. ரோடு நல்லா கனமா வரோணுமில்லீங்க? அதான் ஓட்டறேன். ஊரே சேந்து டீசல் போட்டுச்சுங்க."

எனக்காக வரவில்லையா என்ற ஏமாற்றம்தான் எனக்கு முதலில் வந்தது. குழந்தை அதற்குப் பிறகுதான் மனதில் ஏறியது. இன்றைக்கும் என்னை நான் மன்னிக்காதது அந்த வரிசைக்காகத்தான்.

கடைசி நாள் அட்டையை எட்டிப் பார்த்து, "போதுங்களா?" என்றார். "போதுங்க" என்றேன். அறிக்கையில் ஜீப்புக்கு, முதல் நாள் ஓடியதுபோல, ஒரு நாளைக்கு இரண்டு நடை மட்டும் எழுதி, மற்றதையெல்லாம் நேர்மையாகக் கழித்தேன். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண்.

ஆறு வருடம் கழித்து நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். அப்போது நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில், எந்த வேலை எந்த வாரம் முடிய வேண்டும் என்று அட்டவணை போடுகிற இஞ்சினியர். கூட்டத்தில் நழுவப் பார்த்தேன். அவரே அடையாளம் கண்டு வந்துவிட்டார். தலை நரைத்திருந்தது. பாதை இன்னும் மண்ணாகவே கிடக்கிறது என்றார். இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்:

"உங்க மேல தப்பில்லீங்க அம்மிணி. நாங்கதான் இன்னும் நாலு நடை சேத்து ஓட்டியிருக்கோணும்."